கால் வழுக்காத ஃபைபர் தளம்: எங்கள் படகில் கற்றுக்கொண்டது

சித்தப்பா விழுந்தது 2011 ஜனவரியில், கோடியக்கரை மீன்பிடி சீசன் நடந்துகொண்டிருந்தபோது. விடியற்காலை நாலரை மணி இருக்கும். அன்றைக்கு வலையில் மீனைவிடச் சொறிதான் அதிகம். ஜெல்லி மீனை எங்கள் பக்கம் சொறி என்றுதான் சொல்வோம். அதை உதறி உதறி முன்தட்டு முழுக்கக் கொழகொழவென்று கிடந்தது. நங்கூரக் கயிற்றை இழுக்க அணியத்துக்கு, அதாவது படகின் முன்முனைக்குப் போனார். இறுக்கமாக நின்ற கயிறு திடீரென்று தளர, இரண்டு காலும் ஒன்றாகச் சறுக்கி, விலாப் பக்கம் படகு விளிம்பில் மோத விழுந்தார். கடலுக்குள் போகவில்லை, அதுவரை நல்லது. இரண்டு விலா எலும்பில் விரிசல். மூன்று மாதம் அவரால் கடலுக்கு வர முடியவில்லை.

எங்கள் ஊர் நாகப்பட்டினத்துக்குத் தெற்கே. சுனாமியில் கட்டுமரமும் வலையும் போன பிறகு, 2005-ல் வந்த ஃபைபர் படகு எங்களுடையது. அந்த வருடம் கரை முழுக்கப் புதுப் படகாக நின்றது. கட்டுமரத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஃபைபரின் குணம் தெரியாது. மரம் தண்ணீர் குடிக்கும், காலைப் பிடிக்கும். ஃபைபர் அப்படியில்லை. மேலே ஜெல்கோட் என்று ஒரு பூச்சு, சுமார் அரை மில்லிமீட்டர் கனம், அவ்வளவுதான் அதன் தோல். எங்கள் படகின் முன்தட்டிலும் ஐஸ் பெட்டி மூடிகளிலும் கால் வழுக்காமல் இருக்கக் குட்டிக் குட்டிச் சாய்சதுரமாக அச்சு வார்த்திருந்தார்கள். அந்த அச்சு எப்போதும் அப்படியே இருக்கும் என்று நினைத்துவிட்டோம்.

சித்தப்பாவை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வந்த அன்று மாலை, அந்த முன்தட்டில் உட்கார்ந்து கையால் தடவிப் பார்த்தேன். சாய்சதுரங்களின் முனைகள் வெளுத்து, தேய்ந்து, பளிங்கு மாதிரி வழவழவென்று இருந்தன. விரலில் வெள்ளைப் பொடி ஒட்டியது. வெயிலில் கிடந்த ஜெல்கோட் இப்படித்தான் பொடிந்து போகும். முனைகளுக்கு நடுவில் இருந்த பள்ளத்தைத் துடைப்பத்து ஈர்க்கு ஒன்றை எடுத்துக் கீறினேன். கறுப்பு மெழுகு மாதிரி சுருண்டு வந்தது. முகர்ந்தால் மத்தி நாற்றம், டீசல் நாற்றம். ஆறு வருட மீன் எண்ணெயும் எஞ்சின் கசிவும் உப்பும் மணலும் சேர்ந்து இறுகிப்போன அழுக்கு. அச்சு தேய்ந்தது பாதிக் குற்றம்தான். மீதிப் பாதி, பள்ளம் நிரம்பிப்போனது. பள்ளம் இருந்தால்தான் காலுக்கு அடியில் இருக்கும் தண்ணீரும் கொழகொழப்பும் ஒதுங்கிப் போக இடம் இருக்கும். இல்லாவிட்டால் அது வெறும் கண்ணாடி.

இதைப் படிக்கிறவர்களில் யாராவது தளத்துக்குப் புதுப் பூச்சு போடலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தால், முதலில் அந்த ஈர்க்குச் சோதனையைச் செய்து பாருங்கள். அச்சு உயரமாக இருந்து பள்ளம் மட்டும் அடைந்திருந்தால் செலவே வேண்டாம், நன்றாகக் கழுவினாலே பாதி பிடிமானம் திரும்பி வரும். எனக்கு அன்றைக்கு அது தோன்றவில்லை. கோபமும் பயமும்தான் இருந்தது.

அந்த வாரமே அண்ணனும் நானும் ரெசின் (ஃபைபர் வேலைக்கான பிசின்) வாங்கி வந்து, கடற்கரை மணலை அள்ளிக் கலந்து, முன்தட்டு, மூடிகள், நடுப்பகுதி என்று கண்ட இடமெல்லாம் பூசினோம். பார்க்க நன்றாகவே இருந்தது. நடந்தால் கால் அசையாது. ஒரு மாதம்தான் தாங்கியது. முதலில் முன்தட்டின் ஓரத்தில் ரொட்டி மாதிரி ஒரு துண்டு எழும்பி வந்தது. அடியில் பார்த்தால் அதே எண்ணெய்ப் பிசுக்கு. அதன்மேல்தான் பூசியிருந்தோம், எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்? மணலில் இருந்த உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டது. சிப்பித் துண்டுகள் முழங்காலைக் கிழித்தன. ஐஸ் பெட்டிக்குள் குனிந்து மீன் எடுக்கிறவன் முழங்காலில்தானே நிற்பான்?

அதைவிடப் பெரிய நஷ்டம் வலைக்கு. நரம்பு வலை, அதாவது ஒற்றை நைலான் இழை வலை, எவ்வளவு மெல்லியது என்று பிடித்தவர்களுக்குத் தெரியும். அது ஏறி இறங்குகிற வழியிலும் நாங்கள் மணல் பூசியிருந்தோம். ஒவ்வொரு இழுப்பிலும் கண்ணி கண்ணியாக மாட்டி அறுந்தது. அம்மாவும் சித்தியும் இரண்டு வாரம் கரையில் உட்கார்ந்து வலை பொத்தினார்கள். ஒருநாள் சித்தி நிமிர்ந்து, "தம்பி, கால் நிக்கிற எடத்துல போடு, வலை போற எடத்துல எதுக்குப் போட்ட?" என்று கேட்டார்.

இந்த வேலை பற்றி அதற்குப் பிறகு எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். சித்தி கேட்டதைத்தான் நான் முதலில் வைப்பேன். சொரசொரப்பு என்பது படகு முழுக்கப் பூசுகிற சாயம் இல்லை. ஒருநாள் முழுக்க உங்கள் படகில் யார் எங்கே நிற்கிறார்கள், எதை எங்கே இழுக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். எங்கள் படகில் நான்கு இடம்: நங்கூரம் போடும் முன்தட்டு, வலை இழுப்பவர்கள் நிற்கும் இரண்டு இடம், எஞ்சினைக் கிளப்புகிறவர் நிற்கும் பின்பக்கம். மூடிகளுக்குச் சன்னமான சொரசொரப்பு போதும். வலை வழுக்கிப் போகிற விளிம்பும், அதை ஒட்டி ஓர் அடி அகலமும் வழவழப்பாகவே இருக்கட்டும். வளையம், போல்ட் இருக்கும் இடங்களைச் சுற்றி இரண்டு அங்குலம் விட்டுவிடுங்கள். தண்ணீர் வடிய அது வழி. பிறகு எதையாவது கழற்றி மாட்டவும் சுலபம்.

பழைய பூச்சைச் சுரண்டி எடுக்கவே அடுத்த சித்திரை வரை ஆகிவிட்டது. 2012-ல் நாகையில் ஃபைபர் வேலை செய்யும் ஓர் அண்ணனிடம் போய் நின்றேன். கூலிக்குச் செய்து தருவார் என்று நினைத்தேன். "நீயே செய், நான் கூட நிக்கிறேன்" என்றார். அந்த இரண்டு நாளில் அவர் காட்டியதைத்தான் இன்றுவரை செய்கிறேன்.

முதல் நாள் முழுக்கச் சுத்தம் மட்டும்தான். சோப்புத் தூள் கரைத்து, பிளாஸ்டிக் பிரஷ்ஷால் ஒரு திசையில் தேய்த்து, பிறகு குறுக்கே தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசினோம். காய்ந்த பிறகு அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்தோம். துணியை அடிக்கடி மாற்ற வேண்டும். ஒரே துணியால் துடைத்தால் பிசுக்கை இங்கிருந்து அங்கே நகர்த்துவதாகத்தான் ஆகும். இதெல்லாம் முடிந்த பிறகுதான் உப்புத்தாள். எண்ணெய் இருக்கும்போதே தேய்த்தால் அது கீறலுக்குள் இறங்கிவிடும் என்றார். 80-ஆம் நம்பர் உப்புத்தாளால் பளபளப்பு ஓர் இடத்தில்கூடத் தெரியாதபடி தேய்த்தோம். கண்ணாடி இழைத் தூள் நுரையீரலுக்கும் தோலுக்கும் ஆகாது. மூக்குக்கு நல்ல மாஸ்க், முழுக்கைச் சட்டை, இரண்டும் இல்லாமல் இந்த வேலையைத் தொடாதீர்கள்.

அப்புறம் ஒரு செம்புத் தண்ணீரைத் தளத்தில் சாய்த்தார். "பாரு" என்றார். தண்ணீர் ஒரே விரிப்பாகப் பரவி நின்றது, ஓர் இடம் தவிர. அங்கே தாமரை இலையில் போல முத்து முத்தாகத் திரண்டது. அங்கே இன்னும் எண்ணெய் இருக்கிறது என்று அர்த்தம். மறுபடி துடைத்து, தேய்த்து, மறுபடி ஊற்றிப் பார்த்தோம். இந்தத் தண்ணீர்ச் சோதனைக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. எங்கள் முதல் பூச்சு உரிந்ததற்குக் காரணம் இதைச் செய்யாததுதான்.

மணலுக்கு அவர் சொன்ன அளவு ரவை. தண்ணீர் வடிகட்டும் தொட்டிகளில் போடுகிற வெள்ளை மணலை வாங்கிச் சலித்து, ரவை அளவில் இருப்பதை மட்டும் எடுத்து, நல்ல தண்ணீரில் மூன்று முறை கழுவி, மொட்டை மாடியில் காயவைத்து, கடைசியில் இரும்புச் சட்டியில் சூடு காட்டி ஈரம் போக வறுத்தோம். ரவையைவிடப் பெரிதானால் தோலைக் கிழிக்கும், இடுக்கில் அழுக்கும் தங்கும். பொடியானால் பூச்சுக்குள் மூழ்கிவிடும். இதற்கென்றே மென்மையான பிளாஸ்டிக் மணிகளும் விற்கிறார்கள். வெறுங்காலோடு, முழங்காலோடு வேலை செய்கிற படகுக்கு அது இன்னும் நல்லது. எங்கள் கைக்கு மணல்தான் எட்டியது.

மறுநாள் பூச்சு. மாஸ்கிங் டேப் ஒட்டிப் பகுதி பகுதியாகப் பிரித்தோம். மூலைகளைக் கூராக விடாமல் ஒரு டப்பா மூடியை வைத்து வளைவாக வெட்டினார். கூர்மூலையில்தான் பூச்சு முதலில் எழும்புமாம். எங்கள் பழைய பூச்சு எழும்பிய இடத்தை நினைத்துக்கொண்டேன், மூலையேதான். சித்திரை மாதம் என்பதால் நேரம் முக்கியம். விடிந்தவுடன் பனி ஈரம் இருக்கும். பத்து மணிக்கு மேல் தளம் சுட ஆரம்பித்தால் ரெசின் டப்பாவிலேயே கெட்டியாகிவிடும். ஈரம் உலர்ந்து வெயில் ஏறுவதற்குள் இருக்கும் அந்த இரண்டு மணி நேரம்தான் நமக்கு. ரெசினை இறுகவைக்கிற கேட்டலிஸ்ட், ஒரு கிலோ ரெசினுக்கு 10 முதல் 20 கிராம். வெயில் காலத்தில் குறைந்த பக்கம் போகலாம், ஆனால் 10-க்குக் கீழே போனால் எத்தனை நாள் ஆனாலும் முழுசாக இறுகாது. கண்ணளவில் ஊற்றாதீர்கள், தராசு அல்லது சிரிஞ்ச் வைத்து அளந்து ஊற்றுங்கள்.

இன்னொன்றை அவர் இரண்டு முறை சொன்னார், நானும் அழுத்திச் சொல்கிறேன். இறுகுவதை வேகப்படுத்தச் சேர்க்கிற கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் ஒன்றோடு ஒன்று நேராகக் கலக்கவே கூடாது. தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். கோபால்ட் சேர்க்க வேண்டிய ரெசினாக இருந்தால் அதை முதலில் ரெசினில் ஊற்றி நன்றாகக் கலக்கிவிட்டு, பிறகுதான் கேட்டலிஸ்ட்டைத் திறக்க வேண்டும். இரண்டு டப்பாவையும் ஒரே இடத்தில் வைக்கவும் கூடாது.

ஜெல்கோட்டை ரோலரால் மெல்லிசாக உருட்டி, அது ஈரமாக இருக்கும்போதே மணலைத் தூவினோம். தூவ அவர் கொண்டுவந்தது ஒரு பழைய முகப் பவுடர் டப்பா. மூடியில் துளைகளைக் கொஞ்சம் பெரிதாக்கியிருந்தார். கையைத் தலை உயரத்துக்குத் தூக்கித் தூவினால் மணல் சீராக விழும். கிட்டே வைத்துத் தூவினால் திட்டுத் திட்டாக விழும். ஈரப் பளபளப்பு கண்ணுக்குத் தெரியாத வரை தூவிக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு தொடாமல் விட்டுவிட்டு, இறுகியதும் ஒட்டாத மணலைப் பெருக்கி எடுத்து, மேலே இரண்டாவது கை ஜெல்கோட். இந்த இரண்டாவது கையில்தான் வேக்ஸ் கரைசல் சேர்க்க வேண்டும். ஜெல்கோட் காற்று பட்டால் மேல்பரப்பில் பிசுபிசுவென்றே நிற்கும். வேக்ஸ் மேலே மிதந்து வந்து காற்றை மறைத்தால்தான் முழுக்கக் காயும். முதல் கையிலேயே வேக்ஸைச் சேர்த்துவிட்டால் அடுத்த கை அதன்மேல் பிடிக்காது. நிறம் வெளிர் சாம்பல். வெள்ளை கண்ணைக் கூசும், அடர் நிறம் மதிய வெயிலில் பாதத்தைச் சுடும்.

பூச்சு காய்ந்த பிறகு சித்தப்பா படகில் ஏறியதும் முதலில் அணியத்துக்குத்தான் போனார். வலது பாதத்தை வைத்து முன்னும் பின்னும் அழுத்திப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. கயிற்றை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டார்.

பூச்சு போடுவது இரண்டு நாள் வேலை. அதைக் காப்பாற்றுவதுதான் தினமும் உள்ள வேலை. கரைக்கு வரும் வழியிலேயே, ரத்தமும் செதிலும் காயும் முன், கடல் தண்ணீரை அள்ளி ஊற்றிக் கெட்டியான பிளாஸ்டிக் துடைப்பத்தால் தள்ளிவிட வேண்டும். ஒரு மணி நேர வெயிலில் காய்ந்த மீன் ரத்தத்தை எடுக்க அரை நாள் ஆகும். சுடுதண்ணீர் ஊற்றினால் ரத்தம் இன்னும் பிடித்துக்கொள்ளும், பச்சைத் தண்ணீர்தான் சரி. வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரும் சோப்புத் தூளும் போட்டு இரண்டு திசையிலும் தேய்ப்போம். தேய்ப்பதற்கு முன் மணலை அலசித் தள்ளிவிட வேண்டும். கரையில் இழுத்து வைக்கிற படகில் காலோடு வரும் மணல் உப்புத்தாள் மாதிரி முனையைத் தேய்த்துவிடும். ஏறும் இடத்தில் ஒரு வாளித் தண்ணீர் வைத்து, காலை நனைத்துவிட்டு ஏறுகிற பழக்கம் எங்கள் படகில் அப்படி வந்ததுதான்.

டீசல் சிந்தினால் தண்ணீர் ஊற்றிப் பரப்பாதீர்கள். மரத்தூளைப் போட்டு உறிஞ்சவிட்டு அள்ளுங்கள், பிறகு சோப்பு. கறையைப் போக்க மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்கிற பழக்கம் நிறையப் பேரிடம் இருக்கிறது. கறை போகும், ஆனால் எண்ணெய்ப் படலம் தங்கி அடுத்த நாள் ஆளைத் தள்ளிவிடும். துருக்கறைக்கு ஆக்சாலிக் அமிலத்தைத் தண்ணீரில் கரைத்து, கையுறை போட்டுக்கொண்டு தடவி, சில நிமிடத்தில் நன்றாக அலசினால் போய்விடும். கக்கூஸ் ஆசிட் வேண்டாம், அது ஜெல்கோட்டையும் போல்ட்டையும் சேர்த்து அரிக்கும். பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் ஒரே நேரத்தில் பயன்படுத்தினால் எழும் வாயு மூச்சை அடைத்துவிடும். இரும்பு நார் போட்டும் தேய்க்கக் கூடாது. உடைந்த துணுக்குகள் அச்சுக்குள் தங்கி, மறுநாளே புள்ளி புள்ளியாகத் துருவாகும். தேங்காய் நார் இருக்கும்போது அது எதற்கு?

பாலிஷ் விஷயம் ஒன்று. படகின் வெளிப்பக்கத்துக்கு வேக்ஸ் பாலிஷ் போடுவது நல்லது, வெயிலிலிருந்து ஜெல்கோட்டைக் காக்கும். அதே துணியோடு தளத்துக்கு வராதீர்கள். பக்கத்து ஊரில் பொங்கலுக்குப் படகை அழகுபடுத்திய ஒரு பையன் மேல்தட்டு வரை பாலிஷ் போட்டுவிட்டான். முதல் அலையிலேயே மூன்று பேர் விழுந்தார்கள். வழுக்காத தளத்துக்கென்றே தனிப் பூச்சு விற்கிறது. அது கிடைக்காவிட்டால் ஒன்றும் போடாமல் சுத்தமாக வைத்திருப்பதே போதும். படகு சும்மா நிற்கும் நாட்களில் தார்ப்பாய் போடுங்கள், வெயில்தான் பெரிய எதிரி. ஆனால் தளத்தோடு ஒட்டிப் போடாமல் கம்பு கொடுத்துத் தூக்கிக் கட்டுங்கள். இல்லாவிட்டால் அடியில் ஈரம் நின்று பாசி பிடிக்கும். நங்கூரம் வைக்கும் இடத்தில் பழைய டயர்த் துண்டு ஒன்று போட்டிருக்கிறோம். அதையும் தினமும் தூக்கி அடியில் கழுவ வேண்டும்.

2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது எங்கள் படகு இன்னொரு படகின்மேல் ஏறிக் கிடந்தது. வெளியில் பெரிய சேதம் தெரியவில்லை. முன்தட்டில் வளையம் இறுக்கிய இடத்தைச் சுற்றி மட்டும் சிலந்தி வலை மாதிரி மெல்லிய விரிசல். பூச்சுதானே, பட்டி வைத்து அடைத்துவிடலாம் என்றார் அண்ணன். நான் சுத்தியலின் மரக்கைப்பிடியால் தட்டிப் பார்த்தேன். ஓரத்தில் 'டக் டக்' என்று கேட்டது. வளையத்துக்குப் பக்கத்தில் வர வர 'தொப் தொப்' என்றானது. உள்ளே ஒட்டுப் பலகை நனைந்திருக்கிறது என்பதற்கு அந்தச் சத்தமே சாட்சி. வெட்டித் திறந்தால் பலகை கறுத்து, நனைந்த பொகையிலை மாதிரி விரலில் பிய்ந்து வந்தது. புயல் விரிசலைத்தான் காட்டியது. தண்ணீர் பல வருடமாக அந்த போல்ட் துளை வழியாக இறங்கியிருக்கிறது. நான் மேலே மணல் தூவி அழகு பார்த்துக்கொண்டிருந்த தட்டின் அடியில் பிடிமானமே இல்லை. இதை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது. அந்த வளையத்தில்தானே நங்கூரக் கயிறு கட்டுகிறோம்?

அழுகிய பலகையை எடுத்து, நன்றாகக் காயவைத்து, புதுப் பலகையும் கண்ணாடி இழை மேட்டும் (விரிப்பும்) போட்டு மூடினோம். இந்த முறை போல்ட் துளையை வேண்டியதைவிடப் பெரிதாகக் குடைந்து, எபாக்சி என்ற இன்னொரு வகைப் பிசினால் முழுக்க அடைத்து, அது இறுகிய பிறகு நடுவில் சரியான அளவுக்குத் துளை போட்டோம். இனி தண்ணீர் இறங்கினாலும் பலகையைத் தொடாது. போல்ட்டுக்கு அடியில் பாலியூரிதேன் சீலண்ட். சிலிக்கான் வைத்தால் அதைச் சுற்றி எந்தப் பூச்சும் ஒட்டாது. இன்னொரு விஷயம்: படகு வார்த்த பாலியஸ்டர் ரெசின் மேல் எபாக்சி நன்றாகப் பிடிக்கும், எபாக்சி மேல் பாலியஸ்டர் ஜெல்கோட் நம்பிப் போடக்கூடாது. அதனால் அடைத்த அந்த வட்டத்துக்கு மட்டும் இரண்டு பாகம் கலக்கும் பெயின்ட்டில் மணல் தூவி முடித்தோம். எபாக்சியை வெறுமனே வெயிலுக்குக் காட்டினால் பொடிந்துபோகும், மேலே பெயின்ட் கட்டாயம்.

இப்போது வருடம் ஒருமுறை, சித்திரையில், தளம் முழுக்கத் தட்டிக் கேட்பேன். ஒரு கையில் சுத்தியல் பிடி, இன்னொரு கையில் சுண்ணாம்புக்கட்டி. சத்தம் மாறும் இடத்தில் ஒரு வட்டம். இந்த வருடம் ஒரே ஒரு வட்டம்தான், பின்பக்க மூடியில். முன்தட்டில் 2012-ல் போட்ட பூச்சு எஞ்சின் பக்கம் போட்டதைவிட நன்றாக இருக்கிறது. வலை இழுக்கிற இடது பக்கம் மட்டும் முனை தேய்ந்து மணல் பளபளக்கத் தொடங்கிவிட்டது. அங்கே சித்தப்பா நிற்கிறார். அதற்காகக் கழுவிய மணல் மாடியில் பழைய சேலை மேல் காய்கிறது. பவுடர் டப்பாவையும் எடுத்து வைத்துவிட்டேன்.